கணினிக்குள் இருப்பவர்கள்

(தூத்துக்குடியில் கல்லூரி மாணவர்களும் பள்ளிக் கணினி ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கட்டற்ற இயங்குதளமும் அதன் மென்பொருள் பொதிகளும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இப்படி ஒரு தலைப்பை வைத்த அமைப்பாளர்களின் துணிச்சலை முதலில் பாராட்டிவிடுகிறேன். தூங்குகிறவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தூங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது?

பிரவுசர், கடிதம் அடிக்க ஒன்று, படம் பார்க்க விஎல்சி, பையன் ஏற்றி வைத்த இரண்டு விளையாட்டு. ஐந்தாறோடு பட்டியல் முடிந்துவிடும். டெபியனோ உபுண்டுவோ போட்ட கணினி என்றால் இதே கேள்வியை அதனிடமே கேட்கலாம். டெர்மினலைத் திறந்து 'டிபிகேஜி' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் சிறிய 'எல்' எழுத்தும் போடுங்கள். திரை ஓடத் தொடங்கும், நிற்க நேரமாகும். புதிதாக நிறுவிய மேசைக்கணினியிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் வரும். நமக்குத் தெரிந்த ஐந்தாறு அதற்குள் எங்கோ கிடக்கும். மற்றவையெல்லாம் யார்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் டெபியன் திட்டத்தை அறிவித்தார். தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. லினக்ஸ் என்பது கருனி, அதாவது கெர்னல் மட்டுமே. அதைச் சுற்றி எழுத்துரு, அச்சு, வலை, ஒலி என்று நூற்றுக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்தால்தான் மனிதர் பயன்படுத்தும் கணினி ஆகும். அப்படிச் சேர்க்கும் வேலையை ஒரே கம்பெனி செய்யாமல், ஆளுக்கு ஒரு பொதியாகப் பலர் பொறுப்பேற்றுச் செய்யலாம் என்பது டெபியனின் அடிப்படை. 1996-இல் வந்த முதல் அதிகாரபூர்வ வெளியீட்டில் 474 பொதிகள் இருந்தன. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் 64,419. உபுண்டு, லினக்ஸ் மின்ட், நம் நாட்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எல்லாமே இந்த டெபியன் வழி வந்தவைதான்.

பொதி என்பது என்ன? பேக்கேஜ் என்று நாம் தினமும் சொல்கிற அதுதான். டெப் என்ற பின்னொட்டோடு வரும் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று உருப்படிகள் இருக்கும். ஒன்று, பொதி வடிவத்தின் பதிப்பு எண்ணைச் சொல்லும் சின்னக் குறிப்பு. இரண்டாவது, கணினியில் போய் உட்கார வேண்டிய உண்மையான கோப்புகள். மூன்றாவது, கட்டுப்பாட்டுத் தகவல். நான் உங்களைப் படிக்கச் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். பொதியின் பெயர், பதிப்பு எண், எந்தெந்தப் பொதிகள் கூட இருந்தால்தான் இது ஓடும் என்ற சார்புப் பட்டியல், இரண்டு வரி விளக்கம் ஆகியவற்றோடு, பராமரிப்பாளர் யார் என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரியில் ஒரு மனிதரின் அல்லது ஒரு குழுவின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். இந்தப் பொதியில் தவறு இருந்தால் கேட்க வேண்டியது என்னைத்தான் என்று ஒருவர் ஊரறியச் சொல்லி வைத்திருக்கிறார். நம் ஊரில் ரோடு போட்ட ஒப்பந்தக்காரர் பெயரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இங்கே ஒவ்வொரு உருப்படிக்கும் பொறுப்பாளர் பெயர் கூடவே வருகிறது.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து நிரலை இறக்கி, கேட்கிற கேள்விக்கெல்லாம் 'சரி, சரி' என்று அழுத்திக்கொண்டே போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் கூட என்ன வந்தது என்று நமக்குத் தெரியாது. டெபியன் களஞ்சியத்தில் இருக்கும் பொதிகளின் பட்டியல் மறைக்குறியீட்டு முறையில் கையொப்பமிடப்பட்டிருக்கும். 1990-களின் இறுதியில் வந்த ஆப்ட் என்ற கருவி அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும். சார்புப் பொதிகளைத் தானே தேடி எடுத்துவரும். பொதியை நீக்கினால், அதற்காக மட்டும் வந்த உதிரிகளையும் நீக்கலாமா என்று சொல்லும். அதற்கு முந்திய காலத்தில் ஒன்றை நிறுவ இன்னொன்று, அதற்கு மற்றொன்று என்று அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆப்டின் அருமை புரியும்.

சரி, இவ்வளவு பொதிகள் எதற்கு? உங்கள் மாவட்டத்துப் பெயர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கொற்கை. இந்தப் பெயரைத் தமிழில் அடித்து, சேமித்து, அச்சிட வேண்டும். மூன்றே எழுத்து. இதற்கு என்ன பெரிய வேலை என்று தோன்றும்.

தமிழ்99 விசைப்பலகையில் 'க' விசையையும் 'ஒ' விசையையும் அடுத்தடுத்து அடித்தால் 'கொ' வர வேண்டும். லினக்ஸில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஐபஸ் என்ற பொதியும், அதன் பின்னால் நிற்கும் எம்17என் என்ற பொதியும் செய்கின்றன. தமிழ்99 முறை 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான தரம். அதன் விதிகளை லினக்ஸில் தாங்கி நிற்கும் எம்17என் நூலகமோ ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தில் கெனிச்சி ஹண்டாவும் அவர் குழுவினரும் எழுதியது.

அடித்தாயிற்று. இப்போது கணினிக்குள் இருப்பது என்ன? யுனிகோடின்படி ஆறு குறியீடுகள். க, ஒகரக் குறி, ற, புள்ளி, க, ஐகாரக் குறி. நினைவகத்தில் 'க' முதலில், ஒகரக் குறி அடுத்து. ஆனால் திரையில் கொம்பு முதலிலும், 'க' நடுவிலும், கால் கடைசியிலும் வர வேண்டும். 'கை'யில் ஐகாரக் குறி பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் தோன்ற வேண்டும். இந்த இடமாற்றத்தை யாராவது செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறிவிடும். பழைய பிரவுசர்களிலும் சில பிடிஎஃப்களிலும் அந்தக் கோலத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதைச் சரியாகச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற பொதி. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதன் முதன்மைப் படைப்பாளி. எழுத்தின் வடிவத்தைத் தருவது எழுத்துருப் பொதி. ரெட் ஹாட் நிறுவனம் வெளியிட்ட லோகித் தமிழ் எழுத்துரு பல ஆண்டுகளாக லினக்ஸ் கணினிகளில் தமிழுக்கு முகமாக இருந்து வருகிறது.

அடுத்து அகரவரிசை. யுனிகோடு எண்களின் வரிசைப்படியே அடுக்கினால் 'மனம்' முதலில் வரும், 'மரம்' பின்னால் வரும். ஏனென்றால் அந்த அட்டவணையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் அகராதியிலோ னகரம் கடைசி மெய். மாணவர் பெயர்ப் பட்டியலைத் தமிழில் அடுக்கும் ஆசிரியருக்கு இந்தச் சங்கடம் தெரியும். இதைச் சரிசெய்யும் விதிகள் வட்டாரத் தரவு என்ற பகுதியில் இருக்கின்றன. அதில் இந்தியத் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று என்று தனித்தனிக் கோப்புகளே உண்டு.

அதோடு முடியவில்லை. மெனுக்கள் தமிழில் வர மொழிபெயர்ப்புப் பொதி. பழைய அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற டெசராக்ட், அதன் தமிழ்த் தரவு. பார்வையற்ற மாணவர் ஒருவர் அதே பக்கத்தைக் காதால் கேட்க ஓர்கா என்ற திரைவாசிப்பான், அதற்குத் தமிழ்க் குரல் தரும் ஈஸ்பீக்.

மூன்றே எழுத்துக்குப் பின்னால் எத்தனை ஊர், எத்தனை ஆட்கள் பாருங்கள். இவர்களில் பலர் தமிழ் அறியாதவர்கள். கணினியில் தமிழ் தானாக ஓடுவதில்லை, யாரோ ஓட்டுகிறார்கள். அந்த யாரோ ஒரு நாள் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும்?

2024 மார்ச்சில் உலகம் அதைப் பார்த்தது. எக்ஸ்-இசட் என்று ஒரு பொதி. கோப்புகளைச் சுருக்கித் தரும் எளிய வேலை அதற்கு. ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும், யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அதைப் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தவர் லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஒரு மனிதர். அவருக்கு முன்போல நேரம் ஒதுக்க முடியாமல் போனது. வேலை மெதுவாகிறது, வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளர் ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையத் திருட்டுக் கதவு ஒன்றை ஒளித்து வைத்தார்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். டெபியனின் நிலையற்ற பதிப்பில் வேறு ஏதோ வேலை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் வழி உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடாமல் தோண்டினார். மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்குள் அந்த நச்சு நுழையும் முன் தடுக்கப்பட்டது.

இதைச் சொன்னதும், பார்த்தீர்களா, கட்டற்ற மென்பொருளில் பாதுகாப்பில்லை என்பார்கள் சிலர். மூலநிரல் பூட்டிக் கிடந்திருந்தால் அந்த அரை நொடியின் காரணத்தை வெளியாள் ஒருவர் தோண்டியிருக்க முடியாது என்பது என் பதில். ஆனால் அதைவிட முக்கியமான பாடம் வேறு. ஆயிரம் பேர் பயன்படுத்தி ஒருவர் மட்டும் பராமரித்தால் அந்த ஒருவர் தளர்ந்து போவார். அவர் தளரும் இடத்தில்தான் உடைப்பு ஏற்படும்.

இங்கிருந்து தெற்கே போனால் ஏரல் பக்கத்தில் இருக்கிறது கொற்கை. கிரேக்க மாலுமியின் பெரிப்ளஸ் குறிப்பு முத்துக்குளித்துறையாகச் சொல்லும் பாண்டியத் துறைமுகம். இன்று அங்கே போனால் வயலும் குளமும் பார்க்கலாம். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. எந்தப் படையும் வந்து அந்தத் துறையை மூடவில்லை. தாமிரபரணி ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டலைக் கொண்டுவந்து போட்டது, அவ்வளவுதான். பிறகு காயலும், அதன் பின் தூத்துக்குடியும் தலையெடுத்தன. மென்பொருளும் இப்படித்தான் சாகிறது. கீழே இருக்கும் நூலகம் புதிய பதிப்புக்கு மாறும், மேலே இருப்பது மாறாது. பத்துச் சொல் புதிதாக மொழிபெயர்க்க வேண்டியிருக்கும், ஆள் இருக்காது. இரண்டு வெளியீடு தாண்டினால் அந்தப் பொதியைக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள். ஒரு நாளும் ஒரு விபத்தும் நடந்திருக்காது.

இப்போது நம் மாநிலக் கதைக்கு வருகிறேன். தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது. 2000-களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அங்கே கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. சென்னை சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்த கூட்டு முயற்சியில் உருவான பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் பிள்ளைகளின் கைக்கு வந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று மாநில அரசு அறிவுறுத்தியது. இன்றைய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலிலும் உபுண்டு இருக்கிறது.

ஆக, வட்டு வந்தது, மடிக்கணினி வந்தது, ஆணை வந்தது, பாடம் வந்தது. அப்படியும் இந்த அரங்கில் அந்த மடிக்கணினியைப் பெற்றவர்களில் எத்தனை பேர் லினக்ஸ் பக்கம் போய்ப் பார்த்தீர்கள் என்று கை தூக்கச் சொன்னால்... வேண்டாம், சிரிப்பே பதில் சொல்லிவிட்டது. கணினியைத் திறந்ததும் வரும் இரண்டு வரியில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பழகிவிட்டோம். மற்றொரு வரியை, பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்து அழித்துவிட்டு இடத்தை மிச்சப்படுத்தியவர்களும் உண்டு.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் தொடங்கிய ஐ.டி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளைக் குனு/லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் செய்த முக்கியமான காரியம் வட்டு கொடுத்தது அன்று. ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிக்கு வேண்டிய பொதிகளைத் தேர்ந்தெடுத்து, மலையாளத்தைச் சேர்த்து, தங்கள் இயங்குதளத்தைத் தாங்களே கட்டினார்கள். அந்தத் திட்டம் இன்று கைட் என்ற நிறுவனமாக நிற்கிறது. எழுத்துருவில் குறை இருந்தால் கேட்க ஊரிலேயே ஆள் இருக்கிறார். இந்தியாவில் முதன்முதலாக நடந்த உலக டெபியன் மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் கூடியது சும்மா நடந்ததல்ல.

நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் ஆட்களும் உழைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் தனித்தனியாக. டெபியனின் நிறுவியையும் குனோம் மேசைத்தளத்தையும் தமிழாக்கியதில் தி. வாசுதேவனின் உழைப்பு பெரியது. கணியம் இதழ் 2012-லிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதி வருகிறது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு சிறு நகரத்து மாணவர்களை வைத்தே இயங்குகிறது. விழுப்புரத்தால் முடிந்தது தூத்துக்குடியால் முடியாதா?

அதனால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை.

முதலாவது, ஆசிரியர்களுக்கு. ஆய்வகத்தில் லினக்ஸ் பாடம் என்றால் கோப்புறை திறப்பது, பின்னணிப் படம் மாற்றுவது என்று முடித்துவிடாதீர்கள். ஒரு வகுப்பை முழுக்க ஒரே ஒரு பொதிக்குக் கொடுங்கள். 'ஆப்ட் ஷோ' என்ற கட்டளையால் அதன் விவரத்தை எடுக்கச் சொல்லுங்கள். அது எதைச் சார்ந்திருக்கிறது, அதை எவை சார்ந்திருக்கின்றன, பராமரிப்பவர் யார், எந்த உரிமத்தில் தரப்படுகிறது என்று பிள்ளைகள் எழுதட்டும். ஒவ்வொரு டெபியன் பொதியோடும் அதன் காப்புரிமைக் கோப்பு கணினிக்குள்ளேயே இருக்கிறது. இணையம்கூடத் தேவையில்லை.

இரண்டாவது, கல்லூரி மாணவர்களுக்கு. டெபியனை நிறுவும்போது, பொதிப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சேர விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். முன்கூட்டியே 'இல்லை' என்று இருக்கும், நாமும் தாண்டிப் போய்விடுவோம். எந்தப் பொதிக்கு எத்தனை பயனர் என்ற அந்தக் கணக்கை வைத்துத்தான் நிறுவல் வட்டில் எவை முதலில் இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். தனிப்பட்ட விவரம் போகுமோ என்று யோசிப்பவர்கள் சேர வேண்டாம். யோசித்து முடிவெடுங்கள், படிக்காமல் தாண்டாதீர்கள். தமிழ்ப் பொதிகளை வைத்திருப்பவர்கள் தங்கள் இருப்பைக் காட்டாவிட்டால், தமிழுக்குப் பயனர் குறைவு என்றே கணக்கு சொல்லும்.

மூன்றாவது, வழு கண்டால் அறிக்கை எழுதுங்கள். தமிழில் ஓர் எழுத்து சரியாக வரவில்லை, அகரவரிசை பிசகுகிறது, மொழிபெயர்ப்பில் ஒரு சொல் புரியவில்லை என்றால், வாட்ஸ்அப்பில் திரைப்பிடிப்பைப் போட்டுச் சிரித்துவிட்டு விடாதீர்கள். ஜப்பானில் இருப்பவருக்கு 'மரம்' முதலில் வர வேண்டுமா 'மனம்' முதலில் வர வேண்டுமா என்று எப்படித் தெரியும்? நமக்குத்தான் தெரியும். எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். இந்த நான்கையும் எழுதினால் அது நல்ல அறிக்கை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

நான்காவதுதான் என் உண்மையான ஆசை. டெபியனில், பராமரிக்க ஆளில்லாத பொதிகளுக்கென்று ஒரு பொதுப் பட்டியல் உண்டு. யார் வேண்டுமானாலும் ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் வேலையை அனுபவசாலி ஒருவர் சரிபார்த்துத் தன் கையொப்பத்தோடு ஏற்றுவார். வேலை நன்றாக இருந்தால் காலப்போக்கில் உங்கள் கையொப்பமே போதும் என்ற நிலை வரும். கணினி மாணவருக்கு இதைவிட நல்ல இறுதியாண்டுத் திட்டம் எனக்குத் தெரியவில்லை. பழைய திட்ட அறிக்கையின் அட்டையை மாற்றிக் கட்டும் வேலைக்கு இது எவ்வளவோ மேல். மீன்வளக் கல்லூரித் தம்பிகளுக்கும் இதில் இடம் உண்டு. நீங்கள் பயன்படுத்தும் ஆர் புள்ளியியல் நிரலும், கடற்கரை வரைபடத்துக்கான க்யூஜிஐஎஸ்ஸும் இதே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பும் தமிழ்க் கையேடும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பொதியை எடுப்பது எளிது, வைத்துக் காப்பது கடினம். பாராட்டு வராது, குறை மட்டும் வரும். அதனால் தனியாக எடுக்காதீர்கள். ஒரு கல்லூரியில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பொதியை எடுங்கள். மூத்தவர்கள் படிப்பு முடித்துப் போகும்போது இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். எக்ஸ்-இசட் கதையில் தவறியது அந்த ஏற்பாடுதான்.

அரசு கணினி கொடுக்கும், உரிமம் சுதந்திரம் கொடுக்கும். பராமரிக்கும் கையை எந்த ஆணையாலும் கொடுக்க முடியாது. ஏறத்தாழ எழுபதாயிரம் பொதிகள் இருக்கும் அந்தப் பெரிய களஞ்சியத்தில், பராமரிப்பாளர் என்ற வரியில் இந்த மாவட்டத்து மாணவர் குழு ஒன்றின் பெயர் வர வேண்டும். ஒரே ஒரு பொதி போதும். எந்தப் பொதி என்று இந்தக் கூட்டம் கலையும் முன் பேசி முடிவெடுங்கள். முதல் வழு அறிக்கையை எழுத உட்கார்ந்தால் நானும் கூட உட்காருகிறேன்.